கோவிட் வயது

பெருந்தொற்று தொடங்கிய 2020ஆம் ஆண்டில், பிரிட்டனின் தொழில்சார் மருத்துவர்கள் சிலர் ‘கோவிட் வயது’ என்றொரு கணக்கை உருவாக்கினார்கள். ஊழியரின் உண்மையான வயதோடு, சர்க்கரை நோய், உடல் பருமன், இனம் ஆகியவற்றுக்காகச் சில ஆண்டுகளைக் கூட்ட வேண்டும். பெண் என்றால் சில ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். கணக்கின் அளவுகோல், ஆரோக்கியமான வெள்ளையின ஆண். விடை 60 என்று வந்தால், தொற்று ஏற்பட்டால் அவர் இறக்கும் வாய்ப்பு 60 வயதான அத்தகைய ஆணுக்கு உள்ள அளவு என்று பொருள்.

இந்தக் கணக்கை எள்ளி நகையாட எனக்கு விருப்பமில்லை. அந்நாட்டில் தொற்றுக்கு முதலில் பலியான 10 மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர். அந்தச் சூழலில், “என்னை அந்த வார்டுக்கு அனுப்பாதீர்கள்” என்று மேலாளரிடம் சொல்ல ஒரு செவிலியருக்கு அந்த எண் துணை நின்றிருக்கும்.

என்னை உறுத்துவது அந்தக் கழித்தல்தான். பெண்கள் குறைவாக இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கணக்கு மரணத்தை மட்டுமே எண்ணியது. மாதக்கணக்கில் மூச்சிரைப்பும் சோர்வுமாக நீடித்த கோவிட், பெண்களையே அதிகம் தாக்கியது. பிழைத்துக் கிடந்து வேலை இழப்பவளுக்கு எத்தனை ஆண்டுகளைக் கூட்டுவது?

இன்னொன்று, இந்த எண் ஆபத்தை உடலுக்குள் வைத்துவிடுகிறது. காற்றோட்டமில்லாத அறையும், ஆண் முகத்துக்கு வெட்டப்பட்டு அவள் கன்னத்தில் இடைவெளி விடும் முகக்கவசமும் அதில் வராது. பணியிடத்தையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று உருவாக்கியவர்களே சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் அறையை மாற்றச் செலவாகும். ஆளை மாற்ற ஒரு மின்னஞ்சல் போதும். முதலில் ஆபத்தை நீக்கு, முடியாதபோதே தனிநபர் கவசத்தை நம்பு என்பது தொழில் பாதுகாப்பின் பழைய பாடம். “யாரை அனுப்பலாம்?” என்று கேட்கத் தொடங்கியதும் அந்த வரிசை தலைகீழாகிறது.

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் அந்த வேலையைச் செய்வோரில் பெரும்பாலானோர் பெண்கள். படிவத்தில் தன் நோயை உண்மையாக எழுதுகிறாள்; எண் உயர்கிறது; வீட்டிலிருக்கச் சொல்கிறார்கள். முதலாளி மனம்வைத்தால் 80 சதவீத ஊதியம் தரும் அரசுத் திட்டத்தில் அவளைச் சேர்க்கலாம். இல்லையென்றால், சட்டப்படியான நோய்க்கால ஊதியம் அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு. வாரம் 120 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. அப்படி விடுபட்டவர்களிலும் பெண்களே அதிகம். வாடகை கட்ட வேண்டியவள் அடுத்த முறை படிவத்தில் சர்க்கரை நோயைக் குறிப்பிடாமல் விட்டால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் ஆபத்தைக் கணக்கிட்டுத்தான் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறாள்.