இயல்பும் திருத்தமும்: ஓடக் கற்றல் பற்றிய ஒரு சிந்தனை

ஓடுவதற்குக் குழந்தைக்கு எவரும் இலக்கணம் கற்பிப்பதில்லை. விழுந்தும் எழுந்தும் அது தானாகவே ஓடப் பழகுகின்றது. அவ்வாறாயின், வளர்ந்த மனிதன் பயிற்றுநர் ஒருவரிடஞ் சென்று மீண்டும் ஓடக் கற்பது எதற்காக? இவ்வினா விளையாட்டுத் திடலில் எழுவதாயினும் அதன் வேர் ஒழுக்கவியலைச் சார்ந்தது. ஒருவருக்கு இயல்பாய் அமைந்ததைப் பிறரொருவர் திருத்துவது எப்போது நியாயமாகும் என்பதே அதன் உட்பொருள்.

திருத்துவோர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஓடுபவனின் பாதம் நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் அவனது உடல் நிறையின் இரண்டு அல்லது மூன்று மடங்கு விசை அவன் காலைத் தாக்குகின்றது. ஒரு கிலோமீற்றர் ஓடி முடிப்பதற்குள் இத்தாக்கம் ஏறத்தாழ ஆயிரம் முறை நிகழ்ந்துவிடும். பாதத்தை உடலுக்கு வெகு முன்னே நீட்டி ஊன்றுபவன் அடிக்கு அடி தன் வேகத்தைத் தானே தடுக்கின்றான்; முழங்காலையும் வருத்துகின்றான். அடியின் நீளத்தைச் சற்றுக் குறைத்து அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலின் சுமை குறையும் என்பது ஆய்வுகளாற் காட்டப்பட்டுள்ளது. இயல்பு எனக் கொள்ளப்படுவதில் ஒரு பகுதி வெறும் பழக்கமே. பழக்கமாயின் அது திருத்தத்திற்குரியதே.

ஆயினும், திருத்தம் எந்த அளவுகோலைக் கொண்டு செய்யப்படுகின்றது? 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்கப் பயிற்றுநர் ஜாக் டானியல்ஸ் ஓட்ட வீரர்களின் அடிகளை எண்ணினார். ஏறக்குறைய அனைவரும் நிமிடத்துக்கு 180 அடிகளோ அதற்கு மேலோ வைத்தமை தெரியவந்தது. நாளடைவில் இக்கணக்கு, எல்லோரும் 180 அடிகள் வைத்தல் வேண்டும் என்ற விதியாகப் பரவிற்று. ‘உள்ளது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்குக் காரணங் காட்டாது தாவும் தவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டினார். அத்தவறே இங்கும் நிகழ்ந்துள்ளது. தலைசிறந்த வீரர்கள் போட்டி வேகத்தில் வைத்த அடிகளின் கணக்கு, மெதுவாக ஓடும் நெடிய காலுடைய மாணவனுக்கு எங்ஙனம் கட்டளையாகும்?

செக்கோசிலோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்து, வேதனையுறுபவர் போல ஓடியவர். அழகிய ஓட்டத்துக்கு அவரை எவரும் உதாரணங் காட்டியிரார். எனினும் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் அவரே வென்றார். கண்ணுக்கு ஒவ்வாதது யாவும் குறையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பழகிய ஓட்டவீரர் தாமாகவே தெரிந்துகொள்ளும் அடிநீளம், மிகக் குறைந்த ஒட்சிசனைச் செலவிடும் நீளத்துக்கு அணித்தாகவே இருப்பதை 1982 இல் வெளியான ஆய்வொன்றும் எடுத்துக்காட்டிற்று. உடலும் ஓர் ஆசிரியனே.

மேலும், எத்திருத்தமும் விலையின்றிக் கிடைப்பதன்று. குதிக்காலை முதலில் ஊன்றுபவனை முன்பாதத்தால் ஊன்றச் செய்தால் முழங்காலின் சுமை குறையலாம். ஆனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அச்சுமையை ஏற்க நேரும். அவை அதற்குப் பழகுமுன் அவசரப்படுத்தினால், பழைய நோவின் இடத்தில் புதிய நோவே தோன்றும். அந்நோவைத் தாங்குபவன் மாணவன்; ஆலோசனை கூறியவரல்லர். இவ்வேற்றுமையை மறவாதிருத்தலே கற்பிப்போரின் முதற் கடமை.

ஆகவே, நோவோ வீண் செலவோ உள்ளவிடத்துத் திருத்தம் நியாயமாகும். அதுவும் சிறிது சிறிதாக, அவ்வுடலின் மறுமொழியைக் கேட்டே செய்யப்படல் வேண்டும். பிறர் சாயலை ஒத்திராமை மட்டும் திருத்தத்துக்குக் காரணமாகாது. மாணவனுக்கும் ஒரு கடமை உண்டு: தன் நோவை மறைக்காதிருத்தல். வீரமெனக் கருதி அதை மறைப்பவன், தன்னைத் திருத்தக்கூடிய ஒரே சான்றைத் தானே அழித்துவிடுகின்றான்.