யாரிடம் அனுமதி கேட்கிறாய்?

“எங்கள் காலேஜில் வசதி இல்லை சார்.” உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த ஒரு வரியைக் கவசமாக மாட்டிக்கொண்டே பட்டப்படிப்பை முடித்துவிடுகிறார்கள். கழற்றி எறி அந்தக் கவசத்தை!

1963. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுவோடு அணு முட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொன்ன படம் அது. உன் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியின் கணக்கிடும் திறனில் ஒரு துளிகூட அன்று அவர்களிடம் இல்லை. ஆனாலும் இன்றுவரை உலகில் எவர் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். கேம்பிரிட்ஜ்காரரும் சென்னைக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்!

அவர்களுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஹீமோகுளோபினின் வடிவத்தைக் காண மாக்ஸ் பெருட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். நீ அந்த வங்கியில் ‘4எச்எச்பி’ என்ற குறியீட்டைத் தட்டு, அது உன் திரையில் சுழலும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு நோபல் வாங்கித் தந்த ரைபோசோமும் அங்கேயே இருக்கிறது. யாரும் ஆய்வு செய்யாத புரதமா? ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் கணித்துவைத்த வடிவங்கள் 20 கோடிக்கும் மேல். சுழற்றிப் பார்க்க கைமெராஎக்ஸ், மருந்து மூலக்கூறைப் பொருத்திப் பார்க்க (டாக்கிங்) ஆட்டோடாக் வினா, அணுக்களை அசையவிட குரோமாக்ஸ். மாணவனுக்கு இவை எல்லாமே இலவசம். கம்ப்யூட்டர் பழசா? ஸ்விஸ்-மாடல் இணையதளத்திடம் புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடு. கணக்கை அதன் சர்வர் பார்த்துக்கொள்ளும்.

பட்டம் வேண்டுமே என்பாய். ‘ஃபோல்டிட்’ என்ற புரத மடிப்பு விளையாட்டை ஆடியவர்களில் பலர் உயிர்வேதியியல் படித்ததே இல்லை. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதியுடைய வடிவம் விஞ்ஞானிகளைப் பத்தாண்டுக்கும் மேலாகத் திணறடித்தது. 2011இல் அதற்கு வழி காட்டிய மாதிரியை இந்த ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் தந்தார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வண்ணப் படத்தை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டுவது ஆராய்ச்சி ஆகாது. டாக்கிங்கில் ஓர் எண் நன்றாக வந்ததும் “புற்றுநோய்க்கு மருந்து கண்டேன்” என்று கூவுவது வெறும் சவடால். ஆல்ஃபாஃபோல்டைப் பார்: உறுதியான இடத்தை அடர்நீலத்தில் காட்டுகிறது, தயங்கும் இடத்தை ஆரஞ்சில் தானே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மை இல்லாத தன்னம்பிக்கை எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

இன்றிரவே உட்கார். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952இல் அரிவாள் செல் இயல்பு கண்டறியப்பட்டது. அரிவாள் செல் நோய், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்ததால் வருவது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. நீ தரவு வங்கியில் ‘2எச்பிஎஸ்’ஸைத் திற. அந்த வேலினைத் தேடிப் பிடி. அது பக்கத்து மூலக்கூறின் எந்தப் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று யாரையும் கேட்காமல் நீயே கண்டுபிடி!