வினையும் காப்பீடும்: தெரிவுரிமையின் அறம் குறித்து

ஊழை நம்புகிறவர் உடல்நலக் காப்பீடு எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சமயங்கள் வெகுகாலமாகவே விடை சொல்லி வந்திருக்கின்றன; அவ்விடைகளில் பெரும்பாலானவை, சில தயக்கங்களோடு, எடுக்கலாம் என்றே முடிகின்றன. ஆனால் இன்றைய தனியார் காப்பீட்டுச் சந்தை அந்தப் பழைய கேள்விக்குள் அடங்காத வேறொன்றை எழுப்பியிருக்கிறது. அடிப்படைப் பாலிசி ஒன்றை வாங்கி, அதன்மேல் மகப்பேறு, வெளிநோயாளி சிகிச்சை, அறை வாடகை வரம்பு நீக்கம், காத்திருப்புக் காலக் குறைப்பு என முகவர்கள் ரைடர் என்றும் ஆட்-ஆன் என்றும் குறிப்பிடும் இணைப்புகளைச் சேர்த்துக்கொள்ளவும், வேண்டாதவற்றை விலக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளவும் வாங்குபவருக்கு உரிமை தரப்படும்போது, அவர் தம் உடலைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை வைத்துத் தெரிவு செய்கிறார். செலவையோ முன்பின் அறியாத பல்லாயிரவரோடு பகிர்ந்துகொள்கிறார். இவ்விரண்டும் ஒருசேர நடக்கும்போது அந்தப் பிறருக்கு அவர் பட்டிருக்கும் கடன் யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இதனைக் கோடம்பாக்கத்தில் வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. திரைப்படத் தொழிலோடு பிணைந்த இப்பகுதியில் லைட்மேன், மேக்கப்மேன், சண்டைக் கலைஞர், துணை நடிகர் எனப் பலர் நாள்கூலியாகவோ படத்துக்குப் படம் பேசிய தொகையாகவோ வருமானம் பெறுவதால், மாதச் சம்பளக்காரருக்கு நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு அவர்களை எளிதில் எட்டுவதில்லை. திரைத் தொழிலாளர் நல நிதிக்கென நாடாளுமன்றம் 1981இல் தனிச் சட்டம் இயற்றியது. தொழிற்சங்கங்களும் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. எனினும் பெரிய அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால், தாமே தேடித் தாமே வாங்கிய பாலிசியே அவர்களுக்குத் துணை. அடுத்துள்ள வடபழனியில் விஜயா-வாகினி ஸ்டுடியோவை நடத்திய பி. நாகி ரெட்டி 1972இல் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். நாட்டின் முதல் தனித்த உடல்நலக் காப்பீட்டு நிறுவனமாக 2006இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டார் ஹெல்த், நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலையை முகவரியாகக் கொண்டது. அந்த நெடுஞ்சாலைக்குப் பெயர் தந்த, 1976இல் திறக்கப்பட்ட மண்டபத்தில் 1330 குறள்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊழ் அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது. இந்த அண்மையை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

திருக்குறளின் 38ஆம் அதிகாரமான ஊழ், அறத்துப்பாலின் இறுதியில் நின்று, விலக்க முனைந்தாலும் முந்திக்கொள்ளும் வலிமையை ஊழுக்கு அளிக்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினை உடைமையோ சோர்வின்றி முயல்பவர் அதனையும் வெல்லக்கூடும் என்கிறது. இம்முரணை ஆசீவகர் ஒப்பியிருக்க மாட்டார்கள். மற்கலியைத் தலைவராகக் கொண்ட அச்சமயத்தின் கொள்கை மணிமேகலையின் 27ஆம் காதையில் விளக்கப்படுகிறது; நேர வேண்டியவை நேர்ந்தே தீரும் என்ற நியதியை அவர்கள் முழுமையாக ஏற்றனர். அவர்கள் பார்வையில் பாலிசி எடுப்பதும் எடுக்காமல் விடுவதும்கூட முன்பே விதிக்கப்பட்டவை ஆதலால், அறிவுரைக்கு அங்கே இடமே இல்லை. சைவ சித்தாந்தம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. அது வினையை, ஈட்டிக் குவிந்து கிடக்கும் சஞ்சிதம் என்றும், இப்பிறவியில் நுகர வந்திருக்கும் பிராரத்தம் என்றும், இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம் என்றும் மூன்றாகப் பகுக்கிறது. நோய் பிராரத்தமாக வந்திருக்கலாம், ஆனால் அந்நோயின்முன் மனிதன் செய்வது புதிய வினை. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தம் அடியவர்களைக் குளிர்காய்ச்சல் பற்றியபோது திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது பெரியபுராண வரலாறு. இது முன்வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையே என்று அடியவரை இடித்துரைப்பதாக அப்பதிகம் தொடங்குகிறது. ஊழை நம்புவதும் ஊழுக்கு அடங்கிக் கிடப்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்ச் சைவத்தில் இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஆகவே முதல் கேள்வி இத்துடன் தீர்ந்தது எனலாம்.

ஆனால் பதிகமும் வேண்டுதலும் ஒருவகை, காப்பீடு வேறுவகை. வடபழனி முருகன் கோயிலின் வரலாறு, தீராத வயிற்றுவலியால் வருந்திய அண்ணாசாமி என்ற அன்பர் திருத்தணியில் தம் நாவை அறுத்துக் காணிக்கையாக்கி நலம் பெற்றதையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கீற்றுக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்து வழிபடத் தொடங்கியதையும் கூறுகிறது. நேர்த்திக்கடனில் நோயாளி, தெய்வம் என இருவரே உளர். அவர் எதை வேண்டினாலும் அடுத்தவருடைய பங்கு குறைவதில்லை. காப்பீட்டில் மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். நலமாக இருப்பவர்கள் கட்டிய பிரீமியத்திலிருந்தே நோயுற்றவரின் பில் அடைக்கப்படுவதால், எந்த இணைப்பை எவர் சேர்க்கிறார் என்பது பிறருடைய கணக்கைத் தொடும் செயலாகிவிடுகிறது.

இந்த மூன்றாமவரைக் கூர்ந்து கவனித்தது இஸ்லாமியச் சட்டவியல். பணம் கொடுத்தவருக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பது தெளிவில்லாத நிலையைக் ‘கரர்’ என்றும், சூதைப் போன்ற ஆதாயத்தை ‘மைசிர்’ என்றும், வட்டியை ‘ரிபா’ என்றும் வகுத்துக்கொண்ட சட்ட அறிஞர்கள், 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் அமர்வில், நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டை மறுத்து, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் நன்கொடையாகச் செலுத்தும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றனர். மலேசியா அதற்கு முந்தைய ஆண்டிலேயே ‘தகாஃபுல்’ எனப்படும் அம்முறைக்குச் சட்டம் செய்திருந்தது. அமெரிக்காவின் ஆமிஷ் கிறித்தவர்களும் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தனர். காப்பீட்டை மறுக்கும் அவர்களுக்கு 1965இல் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மருத்துவமனைச் செலவைச் சபையார் கூடிப் பகிர்ந்துகொள்கின்றனர். இவ்விரு முறைகளையும் இணைப்பது, கொடுப்பவர் தம் பணம் பிறருக்குப் போகும் என்று தெரிந்தே கொடுப்பது. தம் உடலுக்கு அளவெடுத்துப் பாலிசி தேடுபவருக்கு இந்த எண்ணம் தோன்றுவது அரிது. கிளெய்ம் இல்லாத ஆண்டில் கட்டிய பணம் வீணாயிற்று என்று வருந்துவோரே மிகுதி. அப்பணம் எவரோ ஒருவருடைய டயாலிசிஸுக்குப் போயிருக்கும் என்பதை விளம்பரங்களும் சொல்வதில்லை.

மெய்யியலில் இச்சிக்கலுக்கு அருகில் வந்தவர் ரொனால்ட் டுவொர்கின். 1981இல் வெளியான தம் சமத்துவம் பற்றிய கட்டுரையில், தானாக வந்து விழும் கேட்டையும் தெரிந்தே ஏற்ற இடரால் விளையும் கேட்டையும் அவர் பிரித்தார். பின்னர், எல்லோரும் சமமான செல்வம் உடையவராய், நோய்களின் பொதுவான வாய்ப்பை அறிந்தும் தமக்கு வரக்கூடியது எது என்பதை அறியாதவராய் இருந்தால் எவ்வளவு காப்பீடு வாங்குவர் என்று கேட்டு, அதுவே நியாயத்தின் அளவுகோல் என்றார். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், அவர் தெரிவை மறுக்கவில்லை என்பது. ஒருவர் தம் விருப்பங்களுக்கேற்பத் தெரிவு செய்யலாம். தம் உடலின் இரகசியத்துக்கேற்பத் தெரிவு செய்யும்போதுதான் நியாயம் நழுவுகிறது.

இப்பிரிவைப் பாலிசியின் இணைப்புகளுக்குப் பொருத்திப் பார்த்தால் எல்லாம் ஒரே தட்டில் நிற்பதில்லை என்பது புலனாகும். டிடக்டிபிள் என்பது, பில்லில் முதல் இத்தனை ரூபாயை வாங்குபவரே ஏற்பதாக ஒப்புக்கொள்வது. இது பெரும்பாலும் அவர் கையிருப்பைப் பொறுத்த முடிவு, மூன்று மாதம் படப்பிடிப்பு இல்லாமல் போகக்கூடிய லைட்மேனுக்கு அது குறைந்த பிரீமியத்தின் உருவில் வரும் ஆபத்து. அறை பற்றிய தெரிவு வசதியைப் பற்றியது என்று தோன்றினாலும் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு என்ற வரம்புள்ள 5 லட்சம் ரூபாய்ப் பாலிசியில் அறைக்கு 5,000 ரூபாய்தான் கிடைக்கும்; 10,000 ரூபாய் அறையில் தங்கியவருக்கு வாடகையில் மட்டுமன்றி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டப்படலாம். இதனை விகிதாசாரக் கழிவு என்பர். டிஸ்சார்ஜ் நாளன்று பில் கவுண்டரில்தான் பலர் இதை முதன்முதலாகக் கேள்விப்படுகின்றனர். வரம்பை நீக்கும் இணைப்பைச் சேர்ப்பதில் அறச் சிக்கல் ஏதும் இல்லை, சேர்க்காமல் விடுவதில்தான் அறியாமை இருக்கிறது. மகப்பேறு வேறு வகை. குழந்தை பெற எண்ணுவோர் மட்டுமே அதைச் சேர்ப்பதால், அதன் விலை ஏறத்தாழ பிரசவச் செலவையே நெருங்கி, பகிர்வு என்பது மறைந்து சேமிப்பு மட்டும் எஞ்சுகிறது. அடுத்த தலைமுறையின் வருகைக்கான செலவை, அதைப் பெற்றெடுப்பவர் மட்டுமே சுமக்கும்படி பொதுநிதி ஒதுங்கிக்கொள்கிறது என்று இதைக் குறை கூறவும் இடமுண்டு.

எல்லாவற்றிலும் கூர்மையானது, முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தைக் குறைக்கும் இணைப்பு. பாலிசி எடுக்கும்முன்பே உள்ள சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட காலம் கழித்தே பணம் கிடைக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் அதன் உச்ச வரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. கூடுதல் பிரீமியம் கட்டி அதை மேலும் சுருக்கிக்கொள்பவர் தம் நோயை வெளிப்படையாகச் சொல்லி அதற்கு விலையும் கொடுப்பதால் அவரிடம் பழி இல்லை. பழி, “சுகர் இருக்குன்னு எழுத வேணாம், பிரீமியம் ஏறிடும்” என்ற யோசனையை ஏற்று முன்மொழிவுப் படிவத்தில் அதை மறைப்பவரிடம் வருகிறது. குறளின் வாய்மை அதிகாரம் குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைப்பதால், குடும்பத்தின் நன்மைக்காக மறைத்தேன் என்று ஒருவர் வாதிடக்கூடும். அவ்வாதம் நிற்பதில்லை, அந்த நன்மை உண்மை சொல்லிக் கூடுதலாகக் கட்டியவர்களின் பணத்திலிருந்து எடுக்கப்படுவதால் அது குற்றமற்றதாக இல்லை. நடைமுறையிலும் அது நிற்பதில்லை. 1990இல் மெடிகிளெய்ம் பாலிசி எடுத்த ஒருவர் சில மாதங்களில் சென்னை விஜயா ஹெல்த் சென்டரில் சேர்க்கப்பட்டு, பின்னர் இறந்துபோக, அவருக்கு நெடுநாளைய நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இருந்தது மருத்துவமனைச் சான்றால் தெரியவந்தது. அதனை மறைத்தது முக்கிய உண்மையை மறைத்ததாகும் என்றும் நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி நிறுவப்பட்டாலன்றி, மறைத்ததைக் காட்டிக் கிளெய்மை மறுக்கலாகாது என்ற இப்போதைய விதி மறதிக்கும் அறியாமைக்கும் இரங்குகிறதே தவிர, மறைப்பதற்கு அனுமதி தரவில்லை.

இதுவரை சொன்னதில் பழிக்கு ஆளானவர் பொய் சொன்னவர் மட்டுமே. கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது, ஏனெனில் எல்லோரும் உண்மையே சொல்லி, எல்லோரும் நேர்மையாகவே தெரிவு செய்தாலும் பொதுநிதி சிதையக்கூடும். இருபத்தைந்து வயது உதவி இயக்குநர் மூட்டு மாற்று, கண்புரை முதலியவற்றை நினையாமல் குறைந்த காப்பையும் உயர்ந்த டிடக்டிபிளையும் தேர்ந்து மலிவான பாலிசிக்குப் போகிறார். அவரைப் போன்றோர் விலக விலக, விரிவான பாலிசியில் எஞ்சுபவர் முதியோரும் நோயாளரும் ஆகிறார்கள், அவர்களுடைய பிரீமியம் ஏறுகிறது. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. வினைக்கோட்பாடு இங்கே திணறுகிறது, ஏனெனில் அது செய்தவனுக்கே பயனைச் சேர்ப்பது; இளைஞனின் குற்றமற்ற சிக்கனத்தின் பயன் அவன் கண்ணால் காணாத ஒரு முதியவளைச் சென்று சேர்வதை எந்த வினையின் கணக்கில் எழுதுவது என்பதற்குச் சித்தாந்த நூல்களில் நேரடி விடை இல்லை. யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்பது எப்போதுமே அறத்தின் வினாவாக இருந்திருக்கிறது என்பதற்கு இந்தியக் காப்பீட்டின் தொடக்கமே சான்று. வெள்ளையர் நடத்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தியர் உயிருக்குக் கூடுதல் பிரீமியம் கேட்ட காலத்தில், 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் வழக்கமான விகிதத்திலேயே இந்தியரை ஏற்றது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் புதிய பாலிசி மறுக்கும் வழக்கத்துக்கு 2024இல் முடிவு கட்டியதையும் அந்த வரிசையில் வைக்கலாம், அவர்களிடம் கேட்கப்படும் பிரீமியத்துக்கு உச்ச வரம்பு இல்லாதவரை அது பாதி நீதியே ஆயினும்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 முதல் யுனைட்டெட் இந்தியா நிறுவனத்தின் வழியாக நடக்கும் இதில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் செலுத்துகிறது. பயனாளிக்கு எந்த இணைப்பையும் தெரிவு செய்யும் வாய்ப்பு இல்லை, எவரும் அவருடைய சர்க்கரை அளவைக் கேட்டு விலை ஏற்றுவதும் இல்லை. தெரிவுரிமை குறைந்த இடத்தில் பகிர்வு முழுமையாக இருப்பது தற்செயலன்று. ஆனால் அந்த வருமான வரம்பைச் சற்றே தாண்டிய கோடம்பாக்கத்துக் குடும்பத்துக்கு அது கதவடைத்து நிற்பதால், அவர்களைத் தெரிவை விட்டுவிடச் சொல்வது பொருளற்றது.

அத்தகைய குடும்பம் முதலில் சந்திக்கும் முடிவு பெற்றோரைப் பற்றியது. குடும்பத்தார் அனைவரும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியம் மூத்தவரின் வயதை ஒட்டியே அமைவதால், அப்பா அம்மாவைத் தனிப் பாலிசியில் வைக்கும்படி ஆலோசகர்கள் கூறுவர். பெற்றோரைப் பிரித்துவைப்பதா என்று சிலர் மனம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்புக்கு அடிப்படை இல்லை, தனிப் பாலிசியில் பெற்றோரின் தொகையைப் பேரப்பிள்ளையின் டெங்குக் காய்ச்சல் கரைத்துவிடாது. கவனிக்க வேண்டியது அடுத்த வரியில் இருக்கிறது: முதியோர் பாலிசிகளில் வழக்கமாக வரும் கோ-பே, அதாவது ஒவ்வொரு பில்லிலும் குறிப்பிட்ட விழுக்காட்டை நோயாளியே கட்ட வேண்டும் என்ற விதி, ஓய்வூதியம் இல்லாத தந்தையின் தலையில் விழுகிறதா, அதை நீக்கும் இணைப்புக்குரிய கூடுதல் தொகையைச் சம்பாதிக்கும் பிள்ளை ஏற்கிறாரா என்பது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் உடல்நலப் பாலிசிகளுக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருப்பதால், முன்பு வரியாகப் போன தொகையில் ஒரு பகுதியை அந்த இணைப்புக்குத் திருப்பலாம்.