இன்றிரவு வந்தவன்

மருத்துவப் பட்டமேற்படிப்பில் அவசர சிகிச்சைத் துறையை என் பெயர்த்தி தெரிந்தெடுத்தபோது, ஔடத தானத்தை உயர்வாகப் பேசும் எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கும் மனம் ஒப்பவில்லை. கண் மருத்துவமோ தோல் மருத்துவமோ பயின்றால் இரவில் உறங்கலாம் அன்றோ? அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் இதனைத் தனித்துறையாக ஏற்றதே 2009-ஆம் ஆண்டில்தான்.

காரணம் வினவினேன். அவள் கட்டுவிரியனைப் பற்றிக் கூறினாள். தரையில் படுத்துறங்கும் ஏழையை அது நள்ளிரவில் தீண்டும். வலி மிகக் குறைவு. பற்பட்ட தடமும் பல வேளை புலப்படாது. சில மணி நேரத்தில் இமை தாழ்ந்து, நாக்குழறி, மூச்சுத் தசைகள் செயலற்றுப் போகும். நச்சுமுறி மருந்து செலுத்தினாலும் முடங்கிய தசை உடனே மீளாது. அதுவரை தொண்டையில் குழாய் செலுத்தி மூச்சை ஊட்டிக் கொண்டிருந்தால், அம்மனிதன் பெரும்பாலும் முழு நலத்தோடு எழுந்து நடப்பான்.

"கட்டிலும் கொசுவலையும் இல்லாத குறைக்கு அவன் சாகலாமா, பாட்டி?" என்றாள்.

"அங்ஙனமாயின் கட்டில் வாங்கிக் கொடுப்பதன்றோ மேலான அறம்? ஒருவனைக் காக்கும் பொழுதில் நூறு பேருக்கு வழி செய்யலாமே" என்றேன். வகுப்பறையில் பழகிய நாவல்லவா!

"அதுவும் வேண்டும். ஆனால் இன்றிரவு வந்தவனுக்கு?" என்றாள்.

எனக்கு விடை தோன்றவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றே இருக்க, இருவர் வந்தால் என்ன செய்வாய் எனக் கேட்டேன். மூச்சூட்டும் பையைக் கையால் அழுத்த உறவினருக்குக் கற்பிப்போம் என்றாள். ஒரு பெண் தன் கணவனுக்காக விடியும்வரை அழுத்தினாளாம். இவள் அருகில் நின்று எண்ணிக் கொடுத்தாளாம்.