வரியும் அமானிதமும்

வணிகன் தன் வரிச்சுமையைச் சட்டத்துக்கு உட்பட்டுக் குறைத்துக்கொள்வது குற்றமாகுமா? "ஜகாத் கொடுத்துவிட்டோம், அரசுக்கு வேறு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்போரும் நம்மிடையே உளர். இரண்டையும் ஆராய்தல் நலம்.

ஜகாத் வணக்கம். அதைப் பெறுதற்குரிய எட்டு வகையினரைத் திருமறையே வரையறுத்துள்ளது. வரியோ, நாட்டில் பிறரோடு கூடி வாழும் குடிமகன் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. ஒன்றை நிறைவேற்றினால் மற்றொன்று நீங்கிவிடாது.

சட்டம் சிறு வணிகனுக்குச் சில வாசல்களைத் திறந்தே வைத்துள்ளது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர், விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டி வருமான வரி செலுத்தலாம். 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி.யிலும், பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றரைக் கோடி வரை விற்பவர் காம்போசிஷன் முறையில் 1 விழுக்காடு கட்டினால் போதும். இவ்வாசல்களில் நுழைவது தந்திரமன்று, உரிமை.

தந்திரம் எங்கே தொடங்குகிறது? ஒரே கடையைப் பெயரளவில் இரண்டாக்கி, ஒன்றை மனைவி பெயரில் எழுதி வைக்கிறான் ஒருவன். சரக்கும் அவனுடையது, பெட்டிச் சாவியும் அவனிடமே. ஹிபா நிறைவேறக் கொடுத்தவன் கைவிட வேண்டும், பெற்றவர் கைக்கொள்ள வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் விதி. மனைவி அறியாத அன்பளிப்பு அன்பளிப்பாகாது. ஆண்டு முடியும் தறுவாயில் செல்வத்தை மனைவிக்கு மாற்றி, அவளுடையதைத் தான் பெற்று ஜகாத்தைத் தவிர்ப்பவனை இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் எடுத்துக் காட்டுகிறார்கள். உலகத் தீர்ப்பில் அவன் தப்பலாம்; மறுமையில் அத்தந்திரம் அவனுக்கே தீங்கு என்பது அவர்களின் கருத்து. ஜகாத்துக்குச் சொன்ன இந்நீதி, பொய்க் கணக்கு அனைத்துக்கும் பொருந்தும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கிய பணத்தை அரசுக்குச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது. காம்போசிஷன் வணிகர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவ்வாறிருந்தும் வசூலிப்போர் உளர். அப்பணம் ஒரு கணமும் வணிகனின் சொத்தன்று. அவன் கையில் தங்கிய அமானிதம். ஏழைத் தாய் சோப்புக்கட்டியோடு சேர்த்துக் கொடுத்த சில காசுகளும் அதில் அடக்கம். எடையில் குறைப்பவனைத் திருமறை ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. வாங்கியதைச் சேர்க்காதவன் எவ்வகையில் அவனினும் மேலானவன்?

"அரசு வீணாக்குகிறதே!" என்பர். அக்குறை உண்மையாகவும் இருக்கலாம். இமாம் அபூ யூசுஃப் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் கிதாபுல் கராஜை இயற்றியபோது, வரி வாங்குவோரின் கொடுமையை அஞ்சாது எடுத்துரைத்தார்கள். ஆள்வோர் தவறினால் சான்றோர் செய்வது அதுவே: வெளிப்படையாகக் கேட்பது. கல்லாப் பெட்டிக்குள் பதுக்கிய பணம் எந்த அநீதியையும் திருத்தியதில்லை.

ஆகவே, வணிக அன்பர்களே, ஓர் ஏற்பாடு உரிமையா தந்திரமா என்ற ஐயம் எழுந்தால், அதை உள்ளது உள்ளபடி அதிகாரியிடமும், பெயரைத் தந்த மனைவியிடமும் சொல்ல முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல முடிந்தால் தயங்காது செய்யுங்கள். நாக் கூசினால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஊட்டும் சோறு அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.