துன்பமும் ஞானமும்

துன்பம் மனிதனுக்கு ஞானத்தை அளிக்குமா என்ற வினாவுக்கு, 1616-ல் மறைந்த மகாகவி ஷேக்ஸ்பியர் தமது 'லியர் மன்னன்' நாடகத்தில் தந்த விடை இன்றும் வாடாதது: புகழுரைக்கு மயங்கித் தன் ராஜ்யத்தைப் பெண்மக்களுக்குப் பங்கிட்டுவிட்ட முதியவன், புயலில் நனைந்து நின்றபோதுதான், கூரையற்ற ஏழைகளின் வேதனையை உணர்கிறான்.

கயிலையை நாடிக் கால்களும் கைகளும் மார்பும் தேய்ந்த அப்பர் எனும் அடியார் திருநாவுக்கரசரோ, இறைவன் ஆணைப்படி வடதிசைப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, துணையோடு வந்த களிற்றிலும் கோழியிலும் குயிலிலும் சிவசக்தி ஸ்வரூபத்தைத் தரிசித்தார் என்பது பெரியபுராணம் போற்றும் வரலாறு.

அகந்தை கரையாதவரை துன்பம் வெறும் துன்பமே. அது கரைந்தபின், மன்னனிடம் கருணையாகவும் அடியாரிடம் பக்தியாகவும் மலர்வது ஒரே மெய்யுணர்வு. ஆதலின், அப்பரைப் போற்றும் அன்பர்களே, ஷேக்ஸ்பியரையும் சிரத்தையுடன் பயிலுங்கள்.