பயன் காணாத பணி

இரவு வானுக்குரியது பழந்தின்னி வௌவால். பகல் வானுக்குரியது மஞ்சள் தட்டான். முன்னது ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ளது. சிறகை விரித்தால் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டும். பின்னதன் எடை ஒரு கிராம்கூட இல்லை. ஒன்றைக் கண்டால் அபசகுனம் என்கிறோம். மற்றதைக் கண்டால் குழந்தைகளோடு சேர்ந்து மகிழ்கிறோம். இவற்றுள் எது உயர்ந்தது?

வௌவால் அந்தியில் புறப்பட்டு, பல கிலோமீட்டர் பறந்து பழங்களை உண்டு, விடியுமுன் தன் மரத்திற்கே திரும்புகிறது. அது வழியில் உதிர்க்கும் விதைகளிலிருந்து ஆலும் அத்தியும் முளைக்கின்றன. அம்மரங்கள் முழுமையாக ஓங்கி நிழல் பரப்பும் காலத்தில் அந்த வௌவால் பெரும்பாலும் இருப்பதில்லை.

தட்டானின் கதை இன்னும் வியப்பானது. நன்னீர்நிலைகள் மிக அரிதான மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் பெருந்திரளாகத் தட்டான்கள் வந்திறங்குவதை, அங்கு வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் ஆராய்ந்தார். அவை இந்தியாவிலிருந்து காற்றோடு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்று 2009-இல் அவர் எழுதினார். போய்வரும் தொலைவு 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். அதை நிறைவு செய்ய நான்கு தலைமுறைகள் வேண்டும் என்பது அவர் கணிப்பு. புறப்பட்டது திரும்புவதில்லை, திரும்புவது புறப்பட்டதில்லை.

ஒன்று நாள்தோறும் வீடு திரும்புகிறது; மற்றது திரும்புவதே இல்லை. எனினும் தம் உழைப்பின் முழுப்பயனைக் காணாமலே மறைவதில் இரண்டும் ஒன்றே.

‘வௌவால் பசிக்காகப் பறக்கிறது, தட்டானை இயல்பூக்கம் செலுத்துகிறது. இதில் தியாகம் எங்கே?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவை அறியாமல் செய்கின்றன; ஆகவே அவற்றுக்குப் புகழுமில்லை, பழியுமில்லை. அறிந்து செய்யும் ஆற்றல் மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது. ஆனால் அதே அறிவுதான், ‘இதனால் எனக்கு என்ன?’ என்று கணக்கிட்டு நம் கையைத் தடுத்தும் விடுகிறது.

முதுமையில் மரக்கன்று நடுபவரும், நன்றி சொல்ல அறியாத நோயாளிக்குப் பணிவிடை செய்பவரும் அந்தக் கணக்கைக் கடந்தவர்கள். சிற்றுயிர்களிடம் இயல்பாக நிகழ்வது அவர்களிடம் அறமாக மலர்கிறது.

பீகாரின் வைசாலி மாவட்டத்தில், சரசாய் என்னும் ஊர் மக்கள் வௌவால்களைத் தங்கள் காவலர்களாகப் போற்றுகிறார்கள். நாம் போற்றாவிடினும் பழிக்காதிருக்கலாம். எது உயர்ந்தது என்ற கேள்வியை அவற்றின்மேல் சுமத்துவதை விடுத்து, பயன் காணாவிடினும் தொடர வேண்டிய நம் பணி எது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.